கிழவிக் கம்பியும் முருங்கை விறகும்

ஒரே ஒரு ஊரிலே, அந்த ஊருக்கும் மேலே ஒரே ஒரு மேட்டிலே, உயரமாய் ஒரு வீடு இருந்ததாம். அந்த வீட்டில் ஆட்கள் குறைவு. தொங்குகிற கல்தான் அதிகம்.

அது கம்பிகளைச் சோதிக்கிற வீடு. எந்த ஊரில் யார் எதைத் தொங்கவிட நினைத்தாலும், அதைத் தாங்கப்போகிற கம்பிகளில் ஒன்றிரண்டை முதலில் இங்கே அனுப்பிவைப்பார்கள். கம்பி நல்லது என்று தெரிந்தால் அதன் தலையில் ஒரு முத்திரை விழும். முத்திரை விழாத கம்பியின் கீழே நிற்க அந்தச் சீமையில் ஆள் கிடைக்காது.

சோதனை என்றால் பெரிய ஆர்ப்பாட்டம் ஒன்றும் இல்லை. உத்தரத்திலிருந்து கம்பியைத் தொங்கவிடுவார்கள். அதன் கீழ்நுனியில் ஒரு கல்லைக் கட்டுவார்கள். கம்பியின் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு மண்குழாய் இருக்கும். பக்கத்து அடுப்பின் சூடு அதற்குள் ஏறும். அதோடு சரி. பிறகு கல்லை யாரும் தொடக்கூடாது. பாரத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சூடும் அப்படியே இருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, கம்பி நீளுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

வெறும் கண்ணுக்குத் தெரிகிற நீட்டம் இல்லை அது. அதனால் கம்பியின் அடியில் ஒரு நீண்ட மூங்கில் சிம்பைப் பொருத்தியிருப்பார்கள். கம்பி ஒரு மயிரிழை இறங்கினால், சிம்பின் மறுநுனி வெள்ளையடித்த சுவரில் ஒரு விரல்கடை இறங்கும். அந்த நுனிக்கு முள் என்று பெயர். காலையில் முள் நிற்கிற இடத்தில் கரியால் ஒரு கோடு. சாயங்காலம் ஒரு கோடு.

அந்த வீட்டில் இரண்டு வழக்கங்கள் உண்டு. புதுக் கம்பி எதுவும் தனியாகத் தொங்காது; அதே குழாயில், அதே சூட்டில், பழைய கம்பி ஒன்றும் கூடவே தொங்கும். அதைக் கிழவி என்பார்கள். கிழவி எந்தச் சூட்டில் எவ்வளவு இறங்குவாள் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இது ஒரு வழக்கம்.

இன்னொன்று, அடுப்புக்கு யார் தீ போட்டாரோ அவர்தான் கம்பியைப் பற்றிக் கடைசி வார்த்தை சொல்ல வேண்டும். குரு சொல்ல மாட்டார்.

குருவின் பெயர் உலகம்மை. நடு வயதுப் பெண். கூட்டிப் பேச மாட்டார். அவருடைய சீடர் திருமேனிக்கோ தாடி முழுக்க வெள்ளை. ஆயுசு பூராவும் கொல்லுப் பட்டறையில் இரும்பை அடித்தவர். ஒருநாள் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு மேடேறி வந்துவிட்டார். ஏன் வந்தீர் என்று கேட்டதற்கு, இத்தனை வருஷம் அடித்துவிட்டேன், அடிக்காமல் விட்டால் இரும்பு என்ன செய்யும் என்று உட்கார்ந்து பார்க்க ஆசை என்றாராம். உலகம்மைக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. அன்றிலிருந்து குரு சீடரை அண்ணே என்பார். சீடர் குருவை அம்மா என்பார். கீழே ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இருவரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அப்படி இருக்கையில் ஒருநாள் கீழ்நாட்டு வண்டியில் இரண்டு கம்பிகள் வந்து இறங்கின. அனுப்பியவன் கொம்பையன். திருமேனியின் மகன்.

அவர்கள் ஊர் கடலுக்கு வெகுதூரம். உவர்மண்ணைக் கரைத்து, வடித்து, பெரிய இரும்புக் கொப்பரையில் காய்ச்சித்தான் உப்பு எடுப்பார்கள். இதுவரைக்கும் கொப்பரை அடுப்பின்மேல் உட்கார்ந்திருந்தது. இந்தமுறை அதை நான்கு கம்பிகளில் தொங்கவிடப்போகிறார்கள். வேலை முடிந்ததும் சாய்த்து ஊற்றச் சுலபம். கம்பி அடிக்கிற வேலை கொம்பையனுக்குக் கிடைத்திருந்தது. அவன் தனியாக எடுத்துச் செய்கிற முதல் பெரிய வேலை. கொப்பரை தொங்கினால் அதன் விளிம்புக்குக் கீழே குந்திக்கொண்டுதான் ஆட்கள் தீ தள்ளுவார்கள். ஆகவே முத்திரை வேண்டும். கோடைக்குள் வேண்டும்.

கம்பி கொண்டுவந்த வண்டிக்காரர் ஒரு கதையும் கொண்டுவந்தார். கொம்பையன் சந்தையில் எல்லோரும் பார்க்க ஒரே ஒரு கம்பியில் பலகை கட்டி, அதன்மேல் எருமையை ஏற்றித் தொங்கவிட்டானாம். கம்பி அசையவில்லையாம். எருமைக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அதற்கப்புறம் அது சரியாகப் பால் கறக்கவில்லை என்றார் வண்டிக்காரர்.

திருமேனி எருமையைப் பற்றிக் கேட்கவில்லை. பையன் வேறெதுவும் சொல்லிவிட்டானா என்று கேட்டார். சொல்லவில்லை என்றார் வண்டிக்காரர். பட்டறையை விட்டு வந்த நாளிலிருந்து மகன் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியதில்லை. அவன் கையிலிருந்து அவருக்கு வந்த முதல் பொருள் அந்தக் கம்பிகள்தான். அவர் அவற்றைத் துடைத்து, தடவிப் பார்த்து, மறுபடியும் துடைத்தார்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் உலகம்மையிடம் கேட்டார்.

"எருமையைத் தாங்கின கம்பி அம்மா. கொப்பரையோட கால்பங்குப் பாரம் எருமையைவிடக் கம்மி. இதுக்கு எதுக்கு மாசக்கணக்கில உட்காரணும்?"

உலகம்மை அவரை அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சுவரோடு ஒரு பலகை. அதன்மேல் ஊறுகாய்ச் சாடிகள் வரிசையாக இருந்தன. பலகையின் நடுப்பகுதி தொட்டில்போல் தொய்ந்திருந்தது.

"இதுமேல யாராவது குதிச்சாங்களா அண்ணே?"

"யார் குதிப்பா?"

உலகம்மை சாடிகளை ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் வைத்தார். பலகை காலியானது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தொய்வு போகவில்லை. பிறகு அவர் சாடிகளைத் திருப்பி எடுத்துவைத்தார். திருமேனியும் கூட எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் கம்பி ஏறியது. தீ போடுகிற முறை அப்போது திருமேனியுடையது.

முதல் சில நாட்கள் முள் வேகமாக இறங்கியது. திருமேனிக்குச் சோறு இறங்கவில்லை. புதுக் கம்பி எதுவானாலும் ஆரம்பத்தில் அப்படித்தான் என்று உலகம்மை சொல்லியிருந்தார். சொன்னது தெரிந்தும் இறங்கவில்லை. பிறகு முள்ளின் வேகம் குறைந்தது. திருமேனி மூச்சு விட்டார். ஓட வேண்டியதை ஓடிவிட்டான், இனி நிற்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஆனால் முள் நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே சீராக, கோட்டுக்குக் கீழே கோடாக இறங்கிக்கொண்டே இருந்தது. கிழவியும் இறங்கினாள். ஆனால் கிழவி ஒரு கோடு இறங்குகிற நேரத்தில் மகன் கம்பி பல கோடு இறங்கியது.

ஒருநாள் காலை கோடு போடப் போனவர் கரியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சுவர்முன் நின்றார்.

அந்த அடுப்புக்குப் புளியம் விறகுதான் போடுவார்கள். நின்று எரியும். ஒரு வேளைக்கு இத்தனை கட்டை என்று கணக்கு. தோட்டத்தில் ஒரு முருங்கை மரம் இருந்தது. முருங்கையை விறகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எரியும், புகையும், சூடு தராது. அன்றிலிருந்து திருமேனி புளியங்கட்டைகளுக்கு நடுவே முருங்கைக் கட்டைகளைச் சேர்க்க ஆரம்பித்தார். எண்ணிக்கை குறையவில்லை. முதலில் ஒன்று. பிறகு இரண்டு. அப்புறம் பாதிக்குப் பாதி.

முள் மெதுவானது. பிறகு கிட்டத்தட்ட நின்றே போனது. திருமேனி நன்றாகச் சாப்பிட்டார்.

வெளியூர் போயிருந்த உலகம்மை திரும்பி வந்ததும் நேரே சுவருக்குத்தான் போனார். புதுக் கம்பியின் கோடுகளை அவர் பார்க்கவில்லை. கிழவியின் கோடுகள் முன்னால் உட்கார்ந்தார். அவையும் வழக்கத்தைவிட நெருங்கிப்போயிருந்தன.

"அண்ணே, கிழவிக்கு வயசு குறைஞ்சிருக்கே."

திருமேனி வாசலில் நின்றிருந்தார். "விறகு எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு அம்மா."

யாரும் எண்ணிக்கையைக் கேட்கவில்லை.

உலகம்மை அடுப்பிலிருந்து ஒரு சிட்டிகைச் சாம்பலை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். ஊதினார். அது பறந்தது.

"வர்ற வழியில தோட்டத்து மரத்தைப் பார்த்தேன். மொட்டையா நிக்குது. யாரோ நிறைய சாம்பார் வைச்சிருக்காங்கன்னு நினைச்சேன்."

திருமேனி தரையைப் பார்த்தார்.

"புள்ளை கையில இருந்து முதத் தடவையா வந்தது அம்மா."

"தெரியும் அண்ணே."

அவர் தன் துணிமூட்டையைக் கட்டி வைத்துவிட்டார். போகச் சொல்வார்கள் என்று நினைத்தார். உலகம்மை போகச் சொல்லவில்லை, வையவும் இல்லை. சூடு மாறிப்போன சோதனை சோதனையே இல்லை. இந்தக் கம்பியை இறக்கிவிட்டு, அவன் அனுப்பிய இன்னொன்றை ஏற்றலாம், முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். தீ போடுகிற முறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று திருமேனி கெஞ்சினார். வேறு ஆள் வருகிறவரைக்கும் நீங்கள்தான் என்றார் உலகம்மை. அடுப்பருகில் அவருக்கு அதே பழைய மணைதான்.

இரண்டாவது கம்பி ஏறியது. இந்தமுறை புளியங்கட்டை மட்டும். கிழவி தன் பழைய வேகத்துக்குத் திரும்பினாள். புதுக் கம்பியும் முதலில் ஓடி, பிறகு சீராக இறங்கத் தொடங்கியது. திருமேனி ஒவ்வொரு கோட்டையும் ஒழுங்காகப் போட்டார். போட்டு முடித்ததும் கையைக் கழுவிக்கொள்வார்.

முத்திரை வரவில்லை என்று கொம்பையனே புறப்பட்டு வந்தான். கோடை நெருங்கிவிட்டது. உவர்மண் வாரிக் குவித்தாகிவிட்டது. ஊரில் ஆட்கள் வேலைக்குக் காத்திருக்கிறார்கள். அவன் உள்ளே நுழைந்தபோது திருமேனி அடுப்பு வாயில் ஊதிக்கொண்டிருந்தார்.

"அடுப்பு ஊதறதுக்குத்தான் பட்டறையை விட்டு வந்தீங்களா?"

இதுதான் இத்தனை வருஷத்துக்குப் பிறகு மகன் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை. திருமேனி ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். தட்டு வைத்ததும் அவன் உட்கார்ந்தான்.

பிறகு உலகம்மையிடம் போனான். அவன் மரியாதையாகத்தான் பேசினான், குரலை உயர்த்தவில்லை. எருமைக் கதையைச் சொன்னான். சந்தையே சாட்சி என்றான். சும்மா தொங்குகிற கல்லை இத்தனை நாள் வேடிக்கை பார்க்கிறீர்கள், என் கம்பியில் நம்பிக்கை இல்லையென்றால் நானே அதன் கீழே உட்காருகிறேன், போதுமா என்றான்.

உலகம்மை கல்லின் அடியைக் கைகாட்டினார்.

"உட்காருங்க தம்பி. உங்க ஊர்ல தீ தள்றவங்க எப்படிக் கீழ உட்காருவாங்களோ, அப்படியே உட்கார்ந்து நீங்களே தீ போடுங்க. அண்ணனும் முறையை மாத்திக் கொடுங்கன்னு கேட்டுக்கிட்டேதான் இருக்கார்."

கொம்பையன் ஒரு கோரைப்பாயை இழுத்து, கல்லுக்கு நேர் கீழே விரித்தான். உட்கார்ந்தான். கல் அவன் தலைக்குமேல் ஒரு கை உயரத்தில் தொங்கியது. உலகம்மை ஆட்களைக் கூப்பிட்டு அவனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கல்தூண்களை நட்டுவைக்கச் சொன்னார். கம்பி அறுந்தாலும் கல் தூண்களின்மேல் உட்கார்ந்துகொள்ளும், தலையில் விழாது.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் கம்பிக்கு இதெல்லாம் தேவையில்லம்மா."

"இது உங்க கம்பிக்கு இல்ல தம்பி. என் தூக்கத்துக்கு."

அவன் தீ போட்டான். நல்ல உழைப்பாளி. புளியங்கட்டைகளை அளந்து அளந்து வைத்தான். பட்டறைக்காரனுக்குத் தீயைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருமேனி விறகு பிளந்து கொண்டுவந்து போட்டார். முதல் இரண்டொரு நாள் அவன் கீழே உட்கார்ந்துகொண்டு பாட்டுகூட முணுமுணுத்தான். முள் எங்கே நிற்கிறது என்று தானே எழுந்துபோய்ப் பார்த்து, தானே கோடு போட்டான். பிறகு பாட்டு நின்றது.

பிறகு கட்டையை உள்ளே தள்ளும்போது ஒருமுறை மேலே பார்ப்பான். தள்ளி முடித்ததும் ஒருமுறை.

திருமேனி அதைக் கவனித்தார். இன்னொன்றையும் கவனித்தார். காலையில் தரை பெருக்குகிறபோது, பாய் முந்தின நாள் கிடந்த இடத்தில் இல்லை. பெருக்குகிறவர் தள்ளிப்போட்டிருப்பார் என்று நினைத்தார், பெருக்குகிறவர் அவரேதான். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தது. கொம்பையன் முதலில் கையாலேயே கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு குச்சியால் தள்ளினான். அப்புறம் நீளமான மூங்கிலால். கேட்டால் அனல் அடிக்கிறது என்றான்.

ஒருநாள் மத்தியானம் இருவரும் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். திருமேனி இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முதக் கம்பிக்கு நான் முருங்கை விறகு போட்டேன்டா."

கொம்பையன் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினான். பட்டறையில் பிறந்தவனுக்கு அதற்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

"எதுக்கு?"

"நீளுச்சு. பார்க்க முடியல."

அவன் மோரை ஊற்றிக்கொண்டான். குடிக்கவில்லை.

"இத்தனை வருஷம் என்னைப் பார்க்காம இருக்க முடிஞ்சுது. கம்பி நீளறதைப் பார்க்க முடியலையா?"

திருமேனி இலையை மடித்தார். அவர் எழுந்துபோகவில்லை. அவனும் எழுந்துபோகவில்லை. காய்ந்த கையோடு இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அடுப்பு ஞாபகம் வந்து அவன்தான் முதலில் எழுந்தான். போகும்போது அப்பாவின் இலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனான்.

அதற்குச் சில நாட்கள் கழித்து ஒரு காலை. முள் தன் சீரை விட்டுவிட்டது. அதுவரைக்கும் நடந்துகொண்டிருந்தது ஓட ஆரம்பித்தது. காலைக் கோட்டுக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் ஒரு சாண் இறங்கிவிட்டது. கிழவி அதே சூட்டில் தன் பழைய நடையிலேயே இருந்தாள்.

கொம்பையன் சுவர்முன் நின்றான். கம்பியைப் பார்த்தான். அது அறுந்துவிடவில்லை, நேராக, கருப்பாக, பார்ப்பதற்கு நன்றாகவே தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் லேசாக இளைத்திருப்பதுபோல் இருந்தது.

உலகம்மை வந்தார். கூடவே திருமேனியும்.

"நிக்குமாம்மா?" என்று கேட்டான்.

"இன்னைக்கு நிக்கும்."

"அப்புறம்?"

உலகம்மை மடியிலிருந்து முத்திரை அச்சை எடுத்து, அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு கல்லின்மேல் வைத்தார்.

"தீ போட்டவங்கதான் சொல்லணும் தம்பி. இந்த வீட்டுல அதுதான் வழக்கம்."

அவன் முத்திரை அச்சைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அவர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தலையை அசைக்கவில்லை. சும்மா நின்றார். அவன் உட்கார இடம் தேடுகிறவன்போலத் திரும்பினான். தூண்களுக்கு நடுவே வெறும் தரை. பாய் எங்கே என்று ஒரு கணம் தேடினான். அது வாசற்படிக்கு வெளியே, வெயிலில் கிடந்தது.

அதை அங்கே போட்டது அவன்தான். எப்போது போட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"போதாதும்மா," என்றான்.

அவ்வளவுதான். உலகம்மை அச்சை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். ஆட்கள் வந்து கல்லைக் கயிற்றில் வாங்கி மெதுவாக இறக்கினார்கள். அடுப்பை அணைத்தார்கள். கம்பி ஆறுகிறவரைக்கும் கொம்பையன் காத்திருந்தான். பிறகு இரண்டு கம்பிகளையும் தோளில் வைத்துக்கொண்டான். இன்னும் எவ்வளவு தடிமன் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டான். திருமேனி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். அடித்துக் கொண்டுவா, ஏற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். இந்தக் கோடை போய்விடும். அது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. மேட்டு விளிம்புவரை கூடவே நடந்தார்.

"ஊர்ல என்னன்னு சொல்ல?" என்று கேட்டான் மகன்.

"நீளுதுன்னு சொல்லு."

"எருமையைத் தூக்கினவன் கம்பி நீளுதான்னு சிரிப்பானுங்கப்பா."

"சிரிக்கட்டும். சிரிக்க ஆள் இருக்கும்ல."

கொம்பையன் லேசாகத் தலையாட்டினான். கம்பிகள் தோளில் இடிபட, சரிவில் இறங்கிப்போனான். கடைசித் திருப்பத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. திருமேனி அவன் மறைந்த பிறகும் அங்கேயே நின்றார்.

உலகம்மை பின்னால் வந்து நின்றார். இருவரும் வெறும் பாதையைப் பார்த்தார்கள்.

"அம்மா, ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்க அண்ணே."

"நீங்க அன்னைக்கு வெளியூர்ல இருந்து வரவே இல்லைன்னு வைச்சுக்கோங்க. நான் முருங்கையைப் போட்டு, முள்ளை நிறுத்தி, முத்திரையும் வைச்சு அனுப்பியிருந்தா, அந்தக் கொப்பரை நின்னுருக்குமா?"

"நின்னுருக்கும்."

திருமேனி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"அங்கேயும் நீங்களே போய் முருங்கை விறகு போட்டிருந்தா," என்றார் உலகம்மை.

சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் போனார். திருமேனி வாசலில் சாத்தியிருந்த கோடாலியை எடுத்துக்கொண்டு, புளியந்தோப்புப் பக்கமாக நடந்துபோனார்.